ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னாய்

சேசு மரி சூசை

நெய்வேலி டவுன்ஷிப்,
சனிக்கிழமை, பாப்பா தூங்கும் நேரம்.

அன்புத் தம்பி ரெஜினுக்கு அக்கா கிறிஸ்டினா ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பாப்பா நான்சியும் இறைவன் அருளால் சுகம். பாப்பாவுக்கு மட்டும் லேசாக மூக்கு ஒழுகுகிறது. பல் முளைப்பதால் அப்படி என்று ஒரு வீடியோவும், பல்லுக்கும் மூக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று நான்கு வீடியோக்களும் சொல்கின்றன. அங்கே அப்பா அம்மாவின் சுகத்தையும், உன் அறைக்கதவு எப்போதாவது திறக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்பது அப்பாவுக்குத் தெரிந்துபோய்விட்டது. "உன் பேச்சே எக்ஸ்பிரஸ் வண்டி, அதையும் அவன் ஓட்டி உடுறான். நீ கடுதாசி போடும்மா. கடுதாசிய ஓட்டி உட முடியாது" என்றார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், வேறு எப்படிப் பேசுவார்? "ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு, படியில நிக்காதன்னு சொல்லிட்டன். காலேஜ்காரன் அடுத்த வாரம் கழிச்சி திங்கக்கெழம சாயந்தரம் விசில் குடுத்துருவான்" என்று சொல்லும்போது அவர் குரல் உள்ளே போய்விட்டது. அதைச் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. நான் இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை மூன்று மணிக்குள் பெட்டியில் போட்டால் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேல்பட்டாம்பாக்கம் தபால்காரர் உன் கையில் கொடுப்பார். அட்மிஷனுக்கு அன்றுதான் கடைசி நாள், கல்லூரி ஆபீஸ் நாலு மணிக்கு மூடும். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தில் நீ இதைப் படித்து, மனம் மாறி, சட்டை தேய்த்து, மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து, கடலூர் பஸ் ஏற வேண்டும். ஆகையால் தயவுசெய்து வேகமாகப் படி.

நீ போன மாதம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் ஒரே மடங்கு வேகத்தில்தான் கேட்டேன். ஏழு முறை கேட்டேன். "அக்கா, காலேஜ்ல சொல்லிக் குடுக்கிறது எல்லாம் போன்லயே கெடக்குது. அதுவும் நல்லா சொல்லிக் குடுக்கிறவனா பாத்து நாமளே எடுத்துக்கலாம். நீ அஞ்சு வருஷம் பஸ்ல தொங்கிக்கினு போயி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சியே, அத எங்கனா யூஸ் பண்ணியிருக்கியா? ஒரே ஒரு எடம் சொல்லு. நாளைக்கே போயி சேந்துர்றன்." கேட்டுவிட்டுச் சிரித்தேன். ஒரு இடம்தானே, சாயங்காலத்துக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரெஜின், அந்தச் சாயங்காலம் வரவே இல்லையடா.

சமைக்கும்போது யோசித்தேன், துவைக்கும்போது யோசித்தேன். பாப்பாவின் சட்டையில் சாம்பார் கொட்டி, சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறியது. ஆகா, கிடைத்தது என்று ஓடிப்போய் உன் மாமாவிடம் மஞ்சளில் இருக்கும் பொருள் காரத்தில் ஏன் நிறம் மாறுகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில்ல போடு, போயிடும். எங்கம்மா அப்படித்தான் பண்ணும்" என்றார். போட்டேன், போய்விட்டது. மாமியார் ஐந்தாவது வரை படித்தவர். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் எதையும் விளக்கவில்லை. இதற்கிடையில் பிளாக்கில் என் படிப்புக்கு இருக்கும் மரியாதை வேறு. குவார்ட்டர்ஸ் வாசலில் உன் மாமாவின் பெயர்ப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே 'கிறிஸ்டினா எம்.எஸ்சி.' என்று அவரே ஆசையாக எழுதவைத்தார் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு யார் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் எதிர்வீட்டு மலர்கொடி அக்கா ஒரு மருந்து அட்டையை நீட்டி, "எம்.எஸ்சி. அம்மா, இது முழுங்கறதா தடவறதா?" என்று கேட்டார். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர் அவர். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாலும் எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்ப மாட்டார். நான் போனில் தேடிப் பார்த்துத்தான் முழுங்குவது என்று சொன்னேன். அதையும் நீ கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டாய்.

இப்படி இருக்கையில்தான் போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் மிஷின் விற்கும் பையன் வந்தான். இங்கே ஒரு வழக்கம் உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு வீட்டுச் சமையலறையில் எங்கே ஜன்னலோ அங்கேதான் எல்லா வீட்டிலும் ஜன்னல். ஆகவே ஒரு வீட்டில் ஒரு பொருள் பொருந்திவிட்டால் அளவெடுக்கும் வேலையே இல்லை, மறுநாள் பதினோரு வீட்டிலும் அதே பொருள் அதே மூலையில் உட்கார்ந்திருக்கும். இது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். யார் வீட்டில் முதலில் மாட்டுவது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அவன் பலகையைப் படித்தான், நேராக என் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் டை, கையில் பெட்டி, வாயில் அப்படி ஒரு மரியாதை. பெயர் சிவசங்கர் என்றான். உன் மாமா நைட் ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பாப்பா அப்போதுதான் கண் அசந்திருந்தாள். நான் உதட்டில் விரலை வைத்ததும் அவனும் குசுகுசு என்றே பேச ஆரம்பித்தான். அவன் குசுகுசுப்பதைப் பார்த்து என்னவோ ரகசியம் என்று மலர்கொடி அக்கா வந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அன்புக்கரசி வந்தாள். பத்து நிமிஷத்தில் என் ஹாலில் பத்துப் பெண்கள், எல்லாரும் குசுகுசு.

அவன் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து வைத்தான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் மிஷினில் வடித்த தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை, கம்பிகள் தண்ணீரில் முங்கும்படி, இரண்டு டம்ளர் மேலும் வைத்து ஸ்விட்சைப் போட்டான். அவன் டம்ளரில் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் டம்ளரில் முதலில் ஒரு மஞ்சள் இழை, பிறகு பழுப்பு, பிறகு சாக்கடை மாதிரி ஒரு கசடு நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. "இதத்தாங்க மேடம் தினமும் பாப்பாவுக்குக் குடுக்குறீங்க" என்றான், அதையும் குசுகுசுவென்று, சாவு வீட்டில் சொல்வது மாதிரி. ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் உன் மாமா கட்டிலில் இருந்து துள்ளி எழுந்து லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "பெல்ட் நின்னுடுச்சா?" என்று ஹாலுக்குள் ஓடிவந்தார். கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான். எவ்வளவு சத்தத்திலும் தூங்குவார்கள், சத்தம் நின்றால் விழித்துவிடுவார்கள். பத்துப் பெண்களையும் பழுப்புத் தண்ணீரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எம்.எஸ்சி. அம்மா, நீ இன்னா சொல்ற?" என்றார் மலர்கொடி அக்கா. தம்பி, நீ கேட்ட அந்த ஒரே ஒரு இடம் டம்ளர் உருவத்தில் என் மூக்குக்கு நேரே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ என் புள்ள!" என்று அலறினேன். பாப்பா எழுந்து அழுதாள். பதினோரு மாதமாக நான் அவளுக்கு விஷம் கொடுத்திருக்கிறேன் என்பதைத் தவிர என் தலையில் வேறு ஒன்றுமே இல்லை. அவன் நீட்டிய படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. உன் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "நான் டிப்ளமோ, நீ எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தண்ணி விஷயத்துல நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவ்வளவுதான், "அவங்களே போடறாங்கன்னா அப்பறம் இன்னா?" என்று பத்துப் பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆள் வந்து பதினோரு வீட்டிலும் சுவரில் ஓட்டை போடுவதாக ஏற்பாடு. படிப்பு பயன்படவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது ரெஜின், பத்துக் குடும்பத்தைக் கவிழ்க்கப் பயன்பட்டது.

அன்று முழுக்கப் பாப்பாவின் நாக்கை நீட்டவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனில் 'தண்ணீர் பழுப்பு குழந்தை ஆபத்தா' என்று தேடினேன். முதலில் சிறுநீரகம் வந்தது, பிறகு கல்லீரல் வந்தது, அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் சிவசங்கர் விற்கும் அதே மிஷினின் விளம்பரம் வந்தது. மலர்கொடி அக்காவும் தன் போனில் வாயாலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார். அவருக்கும் மிஷின்தான் வந்ததாம். புதன்கிழமை மதியம் குளியலறையைக் கழுவும்போது பழைய இரும்பு வாளியைத் தூக்கினேன். அடியில் தரையில் வட்டமாகத் துருக்கறை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஓர் அரிப்பு. டம்ளரில் பார்த்தது அதே பழுப்பு. அதற்கும் முன்னால் வேறெங்கோ பார்த்த ஞாபகம். குழாயை மூடாமலே ஓடினேன். ஆடுகிற பீரோவின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்த என் இரண்டாம் வருஷ நோட்டை உருவினேன். பீரோ சாய்ந்து உன் மாமாவின் ஹெல்மெட் என் தோளில் விழுந்தது, அது வேறு கதை. நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது: மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரையும். அடியில் மூன்று கோடு. ஓரத்தில் ஒரு மல்லிகைப்பூ வேறு வரைந்திருக்கிறேன். கறை தண்ணீரில் இருந்து வரவில்லையடா, அவன் கம்பியில் இருந்து வந்தது! நம் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சத்து இருக்கிறது, மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. அவன் தண்ணீரில் உப்பே இல்லை, மின்சாரம் பாயவில்லை. அவ்வளவுதான். இதைப் பரீட்சையில் எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியவள்தான் நான்.

இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. திரும்பப் போனை எடுத்து, இந்த முறை கம்பி, இரும்பு, மின்சாரம் என்று சரியான வார்த்தைகளைப் போட்டுத் தேடினேன். எங்கேயோ ஒரு பெரியவர், பனியனோடு, ஆடுகிற கேமராவில், இதே ஏமாற்று வேலையை விளக்கி வைத்திருந்தார். நாற்பத்தி மூன்று பேர்தான் அதைப் பார்த்திருந்தார்கள். நீ சொன்னது உண்மைதான் தம்பி, போனில் எல்லாம் கிடக்கிறது. கிடக்கிற இடத்துக்குப் போகும் வழிதான் எனக்கு அந்த நோட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சிவசங்கர் டிரில் மிஷினோடும் இரண்டு ஆட்களோடும் வந்தான். உன் மாமா அன்றும் நைட் ஷிப்ட் தூக்கம், ஆகவே அன்றும் குசுகுசுதான். பத்துப் பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, மொதல்ல அந்த டெஸ்ட்ட இன்னொருவாட்டி காட்டுங்க" என்றேன். சந்தோஷமாக எடுத்து வைத்தான். அவன் ஸ்விட்சைப் போடும் முன்னால் நான் ஒரு சிட்டிகை சமையல் உப்பை அவனுடைய சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். அவன் கை அந்தரத்தில் நின்றது. "வேணாம் மேடம்" என்றான். ஸ்விட்சை மலர்கொடி அக்கா போட்டார். எங்கள் டம்ளரைவிட அவன் டம்ளர் வேகமாகப் பழுப்பேறியது. "நான் சரியா பாக்கலியே, இன்னொருவாட்டி பண்ணு" என்றார் அக்கா. பண்ணினேன். "இப்ப அந்தக் கம்பிய எடுத்துட்டு வெறும் உப்ப போடு" என்றார். போட்டேன், தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எனக்கு அவரை எங்கள் லேபில் உட்காரவைக்க வேண்டும்போல் இருந்தது. 

"ஏன்டாப்பா, உனுக்கு அக்கா தங்கச்சி இல்ல? பச்சக் கொழந்த வூட்டுல வந்து இப்பிடியா பயமுறுத்துவ?" என்று அவர் ஆரம்பித்ததும் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பத்துப் பேர் குசுகுசுவென்று திட்டினால் எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லையே, பாம்புப் புற்றில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். படிவங்களைத் திருப்பி வாங்கி அன்புக்கரசி நாலாகக் கிழித்தாள். அவன் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். கம்பியைத் துடைக்கும் விதத்தைப் பார்த்தேன் ரெஜின். துணியால் ஒரு முறை, பிறகு சுத்தத் தண்ணீரால் ஒரு முறை, நுனி கீழே பார்க்க உதறி. அப்படிச் சொல்லிக் கொடுத்த இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். "நீங்க எந்த காலேஜ்?" என்று கேட்டேன். என் காலேஜ். என் டிபார்ட்மென்ட். எனக்கு நான்கு வருஷம் பின்னால்.

"அப்ப தெரிஞ்சேதான் பண்றீங்களா?"

"தெரியும்ங்க மேடம்" என்றான், தலை நிமிராமல். "உப்பு போட்டா மாட்டிக்குவேன்னு மொத நாளே தெரியும். ஊரு முத்தாண்டிக்குப்பம். வூட்டுல மொத டிகிரி நான்தாங்க. ரெண்டு வருஷம் வேல தேடுனன். எங்க பேட்ச்சுல நாப்பது பேரு. இன்னைக்கித் தேதிக்கு தெனமும் பிராக்டிகல் பண்றவன் நான் ஒருத்தன்தாங்க."

மலர்கொடி அக்கா அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே படிப்பா? அது சரி. ஏமாத்தறதுக்கும் அதுதான், கண்டுபுடிக்கறதுக்கும் அதுதான். நடுவுல நாங்க பத்துப் பேரு வாயப் பொளந்துகினு குந்தினு இருக்கறோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு தின்னியா?" என்று அவனைக் கேட்டார். இல்லை என்றான். அவனுக்கும் அந்த இரண்டு ஆட்களுக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. போகும்போது வாசலில் நின்று, "இங்க எந்த ஸ்கூல்லயாவது லேப் அசிஸ்டென்ட் எடுத்தா சொல்லுங்க மேடம்" என்று நம்பர் கொடுத்தான். என்னையே எடுத்தால் நல்லதுதான் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, ஒரு இடம் சொல்லிவிட்டேன். ஆனால் யோக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால், அதே இடத்தை அவனும் சொல்லலாம். படித்தால் வேலை கிடைக்கும் என்று உன்னிடம் நான் சத்தியம் பண்ண முடியாது. படித்தால் பயம் போகும் என்றும் முடியாது. தண்ணீர் சுத்தம் என்று பத்துப் பேருக்கு முன்னால் நிரூபித்த நான், இன்று காலையும் பாப்பாவுக்கு அதை இரண்டு முறை கொதிக்கவைத்துத்தான் ஆற்றினேன். மலர்கொடி அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பன்னிரண்டாவதோடு நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுவதாக இருந்தார்கள். நேற்று ராத்திரி அந்த வீட்டில் பெரிய சண்டை. அக்காவின் குரல்தான் ஓங்கியிருந்தது. "நான் குந்தினு இருந்த எடத்துல எம்பொண்ணு குந்தக் கூடாது" என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். நீ போனில் படித்துக்கொள்வாய், உனக்கு அந்த மூளை இருக்கிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவனிடம் 'நான் சரியா பாக்கலியே, இன்னொருவாட்டி பண்ணு' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்கு லேபில் நாற்பது பேர் இருந்தார்கள். இங்கே ஒரு மலர்கொடி அக்கா இருக்கிறார். உனக்கு யாருமே இல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் அக்காவுக்குக் கவலை. அப்பாவுக்கும் அதே கவலைதான், அவருக்குப் பஸ் பாஷையில்தான் சொல்லத் தெரியும்.

அதனால் சேர்ந்துவிடு. மூன்று வருஷம் கழித்துத் திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அப்பாவைத் திட்டாதே. நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு போ. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணிவிடாதே. அம்மாவிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்.

தேவமாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மாமா உன்னை விசாரித்தார், பாப்பா எச்சிலோடு முத்தம் கொடுத்தாள், காகிதத்தின் மூலையில் இருக்கும் ஈரம் அதுதான்.

உன் அன்பு அக்கா,
கிறிஸ்டினா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அப்பா போன் பண்ணினார். நீ நேற்றே கடலூர் போய்ப் பணமும் கட்டிச் சேர்ந்துவிட்டாயாம்! யார் சொல்லி மனம் மாறினான் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், யாரோ ஒரு பையன் 'தம்பிங்களா, காலேஜ மட்டும் விட்டுடாதீங்க' என்று அரை நிமிஷம் வீடியோ போட்டிருந்தானாம், அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாயாம். பத்து நாள் நான் தவித்தது, ஹெல்மெட் தோளில் விழுந்தது, இந்த ஆறு பக்கம், எல்லாம் வீண். எழுதிவிட்டேன் என்பதற்காக அனுப்புகிறேன், இப்போது மெதுவாகவே படி. அந்த வீடியோ லிங்க்கை உடனே எனக்கு அனுப்பு. பாப்பாவுக்கு இப்போதிருந்தே தினமும் ஒரு வேளை போட்டுக்காட்ட வேண்டும்.